அடுப்பு வெக்கை வேறு, உடம்பு வெக்கை வேறு

பலகாரம் சுடுகிறவளுக்கு வியர்ப்பதை யாரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் காரைக்குடி வெயில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. அதில் ஒரு பக்கம் தேன்குழல் சட்டி, இன்னொரு பக்கம் அதிரசச் சட்டி. நாள் முழுக்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேதான் நிற்போம். அதனால் நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தொடங்கிய வியர்வையை நானும் கணக்கில் எடுக்கவில்லை, கூட வேலை பார்க்கிற பெண்களும் எடுக்கவில்லை. அது மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து, அதாவது மெனோபாஸ் வெக்கை என்று யாருக்கும் தோன்றவில்லை.

மார்கழியில்தான் சந்தேகம் தட்டியது. ஊரே போர்வைக்குள் இருக்கிற விடியற்காலையில், நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் அனல் கிளம்பும். கழுத்துக்கு ஏறும், காது மடல் சிவக்கும், தலைமயிர் வேர் வரைக்கும் குப்பென்று வியர்க்கும். சில நிமிடம்தான். அது அடங்கியதும் நனைந்த ரவிக்கையோடு உடம்பு வெடவெடவென்று நடுங்கும். அடுப்பு வெக்கை வெளியிலிருந்து வரும், தள்ளி நின்றால் குறையும். இது உள்ளேயிருந்து வந்தது. எங்கே தள்ளி நிற்பது? நாங்கள் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் இரண்டாங்கட்டை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்கிறோம், குடியிருப்பும் அங்கேயேதான். ராத்திரியில் எழுந்து போய் வளவில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் பாய்கூட இல்லாமல் படுத்துக்கொள்வேன். கல் ஜில்லென்று இருக்கும். தூக்கம் மட்டும் வராது.

தூக்கம் போனதும் ஒவ்வொன்றாகக் கழன்றது. சீப்புச்சீடை எத்தனை கிலோ, மணகோலம் எத்தனை கிலோ என்று ஆச்சிமார் போனில் சொல்வது மனசில் நிற்காது. சின்னப் பேச்சுக்கும் சுள்ளென்று கோபம். காலையில் விரல் மடக்க முடியாது. தேன்குழல் அச்சைப் பிழிகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, ஹார்ட்டோ என்று பயந்து இசிஜி எடுத்தோம். அது ஒழுங்காகத்தான் இருந்தது. மாதவிடாய் ஒரு தடவை இருபது நாளில் வரும், அடுத்தது இரண்டு மாதம் கழித்து வரும். வந்தால் கொட்டும்.

சுற்றி இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இதேதான் சொல்வார்கள். வீட்டுக்கார ஆச்சி, "எங்க காலத்துல இதுக்குப் பேரே கெடையாதுத்தா. தலைக்கு ஊத்துறது நின்னா அப்பாடான்னு இருந்தோம்" என்றார். மாமியார் வாரம் தவறாமல் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்க மிதக்க. நான் இன்றைக்கும் அதைச் சாப்பிடுகிறேன். உளுந்து நல்ல சத்து, களி ருசியானது, மாமியாரின் அன்பு அதைவிடப் பெரியது. ஆனால் சினைப்பையில் குறைந்துபோன ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உளுந்து திருப்பிக் கொண்டுவராது. பக்கத்தில் போய்க் காட்டிய டாக்டர் ஒருவர், "இந்த வயசுல வர்றதுதான்" என்று சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதினார். இன்னோர் இடத்தில், "பிள்ளைகள் பெத்தாச்சு, கர்ப்பப்பைய எடுத்துட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்றார்கள்.

இந்தக் கடைசி யோசனையை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் கொட்டும் உதிரப்போக்குக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது சாதாரணமாகிவிட்டது. சில சமயம் தேவையாகவும் இருக்கும். ஆனால் வெக்கைக்குக் காரணம் கர்ப்பப்பை இல்லை. சினைப்பையின் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் குறையும்போது, மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற பகுதி தடுமாறுகிறது. லேசான சூட்டையே பெரிய சூடாக எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்து விடுகிறது. ஆபரேஷனில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், பல வருஷத்தில் மெல்ல வர வேண்டிய மெனோபாஸ் ஒரே நாளில் வந்து இறங்கும். என்னிடம் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. அவள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கடைசியில் மதுரையில் ஒரு பெண் மகப்பேறு மருத்துவரிடம் போனேன். மேலூர் வழியாகப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பஸ்ஸிலேயே வெக்கை வந்து ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு போனேன். அவர் என்னை உட்கார வைத்துக் கேட்ட முதல் கேள்வி, "இதுல எது உங்க வேலைய ரொம்பக் கெடுக்குது?" அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தூக்கம் என்றேன். வெக்கை பகலில் வந்தால் அடுப்படியில் யாருக்கும் தெரியாது. தூக்கம் இல்லாவிட்டால் தொழிலே நிற்கும். குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகவே கொடுக்கலாம் என்றார்.

ஹார்மோன் அளவு பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனேன். சொல்லவில்லை. 45 வயதைத் தாண்டியவருக்கு அறிகுறிகளும் மாதவிடாய்க் கணக்குமே போதும், சினைப்பையைத் தூண்டுகிற எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனின் அளவு இந்தக் காலத்தில் வாரத்துக்கு வாரம் மாறும், அதைப் பார்த்து டோஸ் முடிவு செய்ய முடியாது என்றார். அதிரசப் பாகுக்கு யாராவது தெர்மாமீட்டர் வைக்கிறார்களா? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்போம். இங்கேயும் பதம் பார்ப்பது உடம்பைக் கேட்டுத்தான்.

அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று ஆகிவிடாது. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின், தைராய்டு, மார்பகத்துக்கு மேமோகிராம், கர்ப்பப்பை வாய்க்குப் பாப் ஸ்மியர், கர்ப்பப்பை உள்வரியின் தடிப்பைப் பார்க்க ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தார். ரத்தம் குறைவாக இருந்தது, அதற்கு இரும்புச் சத்து மாத்திரை. தைராய்டுக்கு நான் ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த ஒரு தகவல் பின்னால் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், பக்கவாதம் அல்லது மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் இந்த ஹார்மோன் மருந்தைப் பொதுவாகத் தொடங்கக் கூடாது; அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் உண்டு. அம்மா வழியில், அப்பா வழியில் யாருக்கு என்ன வந்தது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் அதற்கே இரண்டு சித்திகளுக்குப் போன் போட வேண்டியிருந்தது.

"கேன்சர் வரும்னு சொல்றாங்களே" என்று நானே கேட்டேன். அவர் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் ஒரு பகுதியை 2002-ல் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில், 10,000 பெண்களுக்கு வருஷத்துக்கு 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்தச் செய்திதான் உலகம் முழுக்கப் பரவி நம் ஊர் மெடிக்கல் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பது கூடவே வரவில்லை. அவர்கள் சாப்பிட்ட ஈஸ்ட்ரோஜன் சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்தது என்பதும் வரவில்லை. (இதைக் கேட்டுவிட்டு என் மாமியார் ஒரு நாள் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் போனார். எனக்குக் கொடுத்தது அது இல்லை என்று நம்ப வைக்கவே பெரும்பாடு.) கர்ப்பப்பை எடுத்துவிட்டு வெறும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இப்போது மருத்துவச் சங்கங்களின் பொதுக் கருத்து. ஆபத்து சுத்தமாக இல்லை என்று அவர் சொல்லவில்லை. இரண்டு ஹார்மோனையும் சேர்த்துச் சாப்பிடுகிற வருஷம் கூடக் கூட அந்தச் சின்ன ஆபத்தும் கொஞ்சம் கூடும் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. தூங்காமல் கொதி எண்ணெய் முன்னால் நிற்பதிலும் ஆபத்து இருக்கிறதே.

முதலில் கொடுத்தது எஸ்ட்ராடியால் வேலரேட் என்ற ஈஸ்ட்ரோஜன் 1 மி.கி. மாத்திரை, தினமும். அதோடு மாதத்தில் 12 நாள் ராத்திரி மட்டும் மைக்ரோனைஸ்டு புரோஜஸ்டரோன் 200 மி.கி. காப்ஸ்யூல். இந்த இரண்டாவது எதற்கு என்று ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும். ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பை உள்வரி தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் அது புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். புரோஜஸ்டரோன் அதைத் தடுக்கிறது. கர்ப்பப்பை இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தேதான். எனக்கு மாதவிடாய் முழுசாக நிற்காததால் மாதத்தில் 12 நாள். அது முடிந்ததும் ஒரு சின்ன உதிரப்போக்கு வரும். கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதம் எதுவும் வராதவர்களுக்கு 100 மி.கி. தினமும் கொடுப்பார்கள், அதில் மாதாமாதம் வராது. மாதவிடாய் இன்னும் தாறுமாறாக வந்துகொண்டிருக்கும்போதே தினசரி முறையைத் தொடங்கினால் கண்ட கண்ட நேரத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். நிறையப் பேர் "ஹார்மோன் ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் டாக்டரிடம் கடைசியாக வந்த தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். இந்த மருந்து கருத்தடை மருந்து ஆகாது என்பதையும் அவர் சொல்லித்தான் அனுப்பினார்.

மூன்று, நான்கு வாரத்தில் ராத்திரி வியர்வை பாதியானது. ஆனால் காலையில் குமட்டல், அடிக்கடி தலைவலி. அதோடு ஒரு புது அசதி. வியர்வை குறைந்தும் உடம்பு கட்டை போலக் கிடந்தது. டோஸ் பத்தவில்லையோ, கூட்டச் சொல்லலாமோ என்று நினைத்துக்கொண்டுதான் மதுரை போனேன். அவர் கூட்டவில்லை, தைராய்டு பார்த்தார். தைராய்டு போதவில்லை என்றால் ஏறுகிற டிஎஸ்ஹெச் அளவு ஏறியிருந்தது. வாய் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது; கல்லீரல் தைராய்டு ஹார்மோனைக் கட்டிப் பிடிக்கிற புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குகிறது; அதனால் அதே தைராக்சின் டோஸ் உடம்புக்குப் போதாமல் போகிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்! ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் டிஎஸ்ஹெச் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தோல் வழியாகப் போகிற ஈஸ்ட்ரோஜனில் இந்தத் தொல்லை இல்லை. ரத்தம் கட்டும் ஆபத்தும் மாத்திரையில் கொஞ்சம் கூடுகிறது, வழக்கமான அளவில் பூசும் ஜெல்லில் கூடுவதாகத் தெரியவில்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் அதனால்தான் ஜெல்லையோ ஒட்டும் பட்டையையோ சொல்கிறார்கள். பட்டை எனக்கு ஆகாது என்று நானே சொல்லிவிட்டேன். எங்கள் அடுப்படி வியர்வையில் பொட்டே நிற்பதில்லை. ஆக ஜெல். பாட்டிலின் மூடியை ஒரு தடவை அழுத்தினால் எஸ்ட்ராடியால் 0.75 மி.கி. வரும். ஓர் அழுத்தலில் ஆரம்பித்தோம்.

இங்கேதான் என் தொழிலும் மருந்தும் மோதிக்கொண்டன. காலையில் குளித்துவிட்டுக் கையில் பூசிக்கொண்டு அடுப்படிக்குள் போவேன். பத்து நிமிடத்தில் வியர்வை ஆறாக ஓடும். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளியல். சீயக்காய் போட்டாலும் தோலில் நல்லெண்ணெய்ப் பசை இருக்கும், அதன் மேல் ஜெல். வெக்கை திரும்பி வந்தது, அதுவும் வெள்ளி ராத்திரிகளில் அதிகம். இதை நான் கண்டுபிடித்தது ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில். முன்பக்கம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை கிலோ, பின்பக்கம் ராத்திரி எத்தனை தடவை எழுந்தேன், மருந்து எப்போது, மாதவிடாய் எப்போது. வேறு ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் டாக்டர், "டோஸைக் கூட்டறதுக்கு முன்னாடி போட்ட டோஸ் உள்ள போகுதான்னு பாப்போம்" என்றார்.

இன்னொரு விஷயம், இதை அடுப்பு முன்னால் நிற்கிற எல்லாப் பெண்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஜெல்லில் ஆல்கஹால் இருக்கிறது. பூசிக் காய்வதற்குள் நெருப்புப் பக்கம் போகக் கூடாது என்று அதன் தாளிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் அந்தத் தாளை நிதானமாகப் படித்துவிட்டு, மறுநாளே ஜெல்லை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். அடுப்பெல்லாம் அணைந்து, சாயங்காலக் குளியல் முடிந்து, மேலைத் துடைத்து ஈரம் காய்ந்த பிறகு, தோளிலிருந்து முழங்கை வரை வெளிப்பக்கமாக மெல்லப் பரப்பிப் பூச வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. மார்பில் பூசக் கூடாது. ஐந்து நிமிடமாவது காயவிட்டுப் பிறகு ரவிக்கை. ஒரு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பூசின இடம் பிள்ளைகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் பேத்தி ராத்திரியில் என் தோளில்தான் தூங்குவாள், இப்போது அவளை அவள் தாத்தா தூக்கிக்கொள்கிறார். அவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், ஆண்கள் மேலும் படக் கூடாது.

நேரத்தை மாற்றியதிலேயே பாதி சரியானது. மீதிக்குத்தான் டோஸ் கூட்டினோம், இரண்டு அழுத்தல், அதாவது 1.5 மி.கி. வெக்கை ஏறக்குறைய நின்றது, ஆனால் மார்பு கனத்து வலித்தது, புடவை பட்டாலே கூசும். இது ஈஸ்ட்ரோஜன் கூடுதலாகும்போது வருவது, பலருக்குச் சில வாரத்தில் தானே குறையும் என்று சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. எனக்குக் குறைந்தது. குறையாதவர்களுக்கு ஒன்று விட்டு ஒரு நாள் அளவை மாற்றிக் கொடுப்பதும் உண்டாம். ஒரு மாற்றத்துக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், ஒரே சமயத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்பது அவர் கண்டிப்பு. ஜெல்லையும் மாற்றி, காப்ஸ்யூலையும் மாற்றி, கூடவே யாரோ சொன்ன கஷாயத்தையும் குடித்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

புரோஜஸ்டரோன் காப்ஸ்யூல் தூக்கம் வரவழைக்கும். தூக்கத்துக்காகத் தவித்த எனக்கு அது வரமாக வந்தது. ஆனால் தை, வைகாசி முகூர்த்த நாட்களில் ராத்திரி ஒரு மணி வரை சட்டி ஓடும். எட்டு மணிக்கே விழுங்கிவிட்டு எண்ணெய் முன்னால் நின்றால் தலை சுற்றும். சாப்பாட்டோடு விழுங்கினால் உடம்பு இன்னும் அதிகமாக அதை இழுத்துக்கொள்ளும், கிறக்கமும் கூடும். அதனால் வேலை எத்தனை மணிக்கு முடிந்தாலும் படுக்கப் போகும்போதுதான். தூக்கமாக வருகிறது என்று இதை மட்டும் விட்டுவிட்டு ஜெல்லை மட்டும் பூசுகிற பெண்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். உள்வரி தடிப்பதைத் தடுக்கிற மருந்தையே விட்டுவிடுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பகலில் கிறக்கம் தாங்காவிட்டால் டைட்ரோஜெஸ்டரோன் மாத்திரைக்கு மாற்றலாம், கர்ப்பப்பைக்குள் வைக்கிற, ஹார்மோன் உள்ள ஐயுடி பொருத்தலாம். கொட்டும் உதிரப்போக்கு உள்ளவர்களுக்கு இந்தக் கடைசி வழி இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்க்கும்.

மாசி-பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா வந்தால் காப்புக் கட்டி விரதம் இருப்போம். பால்குடம் எடுக்கிற நாளில் வந்துவிடக் கூடாது என்று நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடுவது எங்கள் தெருவில் பல வருஷப் பழக்கம். அது நார்எதிஸ்டரோன் 5 மி.கி. அந்தச் சமயம் என் காப்ஸ்யூல் தீர்ந்துபோக, கடைக்காரப் பையன் இந்த மாத்திரையை எடுத்து நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதாங்க்கா" என்றான். ஒன்று இல்லை. ஒரே குடும்பத்து மருந்துதான், ஆனால் ஆளும் வேறு, அளவும் வேறு. நாள் தள்ளிப்போடப் பொதுவாகத் தினம் மூன்று போடச் சொல்வார்கள். அந்த அளவில் அதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாகவே மாறும், ரத்தம் கட்டும் ஆபத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும். நான் சீட்டைக் காட்டி அதே மருந்துதான் வேண்டும் என்று நின்றேன். ஜெல்லும் இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது. சொல்லி வைத்தால் மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள், அதற்கு இரண்டொரு நாள் ஆகும், ஆகவே பாட்டிலில் கால்வாசி இருக்கும்போதே சொல்லிவிடுவது என் வழக்கம். கோடையில் அதை அடுப்படி அலமாரியில் வைக்கக் கூடாது. நான் வைத்திருப்பது வளவு ஓரத்து அறையில், சுவர் தடிமனாக இருப்பதால் அங்கே வெயில் ஏறாது.

இனி அந்தப் பெண்ணின் கதை. நாற்பத்துநாலு வயது. கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுத்தாகிவிட்டது. ஆபரேஷன் முடிந்த வாரமே வெக்கை, அழுகை, மூட்டு வலி. "அக்கா, ஒங்க பாட்டில்ல கொஞ்சம் பூசிக்கிறேன்க்கா" என்று கேட்டாள். கொடுக்கவில்லை. மதுரைக்குக் கூட்டிப் போனேன். அவளுக்குப் புரோஜஸ்டரோன் தேவையே இல்லை, ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும் என்றார்கள். சின்ன வயதிலேயே திடீரென்று நின்றதால் என்னைவிட அளவும் அதிகம். மெனோபாஸ் வழக்கமாக வருகிற வயது வரைக்குமாவது அவள் அதை நிறுத்தக் கூடாது என்றும், எலும்புக்கும் இதயத்துக்கும் அது வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒரே அடுப்படியில் நிற்கிற எங்கள் இருவருக்கும் மருந்தும் வேறு, கணக்கும் வேறு. சீட்டை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிற பழக்கம் நமக்கு அதிகம், அதனால் இதைச் சொல்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. விரல் விறைப்பு குறைந்தது, போகவில்லை. எடை இறங்கவில்லை, அதிரசத்தை ருசி பார்ப்பதை நிறுத்தாமல் ஹார்மோனைக் குறை சொல்ல முடியாது. கால்சியத்துக்குத் தயிரும் கேழ்வரகும், வைட்டமின் டி டாக்டர் சொன்னபடி, சாயங்காலம் கண்மாய்க் கரை வரை ஒரு நடை. மறதி நன்றாகக் குறைந்தது. தூங்கினாலே மறதி குறைகிறது என்பது என் கணிப்பு.

ஒரு விஷயத்தை மட்டும் டாக்டரே கேட்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, வீட்டுக்காரரோடு சேரும்போது வறண்டு வலிப்பது. ஜெல் பூசியும் இது மட்டும் போகவில்லை. யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நினைத்து இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தேன். அந்த இடத்துக்கே போடுகிற ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் கிரீம் கொடுத்தார். இரண்டு வாரம் தினம் ராத்திரி, பிறகு வாரம் இரண்டு தடவை. ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும் என்பதால், வேறு ஹார்மோன் எதுவும் சாப்பிடாத வயதான பெண்கள்கூட இதை மட்டும் போட்டுக்கொள்ளலாம், இதற்குத் தனியாகப் புரோஜஸ்டரோன் வேண்டாம். எழுபது தாண்டிய எங்கள் ஆச்சி ராத்திரிக்கு நான்கு தடவை எழுந்து போவதாக யாரிடமும் சொல்லாமல் இருந்தார். நான் என் கதையைச் சொன்ன பிறகுதான், குரலைத் தாழ்த்தி, "அந்தக் களிம்பு பேரு என்னத்தா" என்று கேட்டார். பேரைச் சொல்லவில்லை. அடுத்த நடையில் அவரையும் மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். சர்க்கரையையும் யூரினையும் பார்த்துவிட்டு அதே களிம்பைத்தான் கொடுத்தார்கள்.

மாதவிடாய் முழுசாக நின்று ஒரு வருஷம் ஆனதும் எனக்கும் தினசரி 100 மி.கி. காப்ஸ்யூலாக மாற்றினார்கள். மாற்றின முதல் சில மாதம் அங்கங்கே பட்டது. ஆறு மாதம் தாண்டியும் பட்டால், அல்லது சுத்தமாக நின்ற பிறகு திடீரென்று வந்தால், தொலைபேசியில் கேட்டுக்கொண்டிராமல் நேரில் வந்து ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனை வருஷம் இதைத் தொடர்வது என்று போன தடவை கேட்டேன். இந்த வயதில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று ஒரு கோடு இல்லை, வருஷா வருஷம் பிரஷரும் மார்பும் பார்த்து, இன்னும் வேண்டுமா என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம் என்றார். கோடையில் குறைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, தை முகூர்த்தங்களின்போது நேரமும் இல்லை. அதனால் ஐப்பசி மழையில், ஆர்டர் குறைந்திருக்கும்போது, இரண்டு அழுத்தலை ஒன்றாக்கிப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். தீபாவளிப் பலகாரம் முடிந்த மறுவாரம். அதற்கு முன்னால் மேமோகிராம் எடுக்க வேண்டும், ஆவணியிலேயே தேதி வாங்கிவிட்டேன்.